டீசலில் தண்ணீர்: டிராக்டர் உழவர் கவனத்திற்கு

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் டிராக்டர் ஒரு நாள் நின்றுபோனால் அதன் நட்டம் ஒரு நாள் வாடகையோடு முடிவதில்லை. களத்தில் கிடக்கும் நெல் நனைகிறது. சேற்றுழவுக்குக் காத்திருக்கும் வயலுக்கான நாற்று, நாற்றங்காலிலேயே முற்றிப்போகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று இழுவை குறைந்து, வெண்புகை தள்ளி, விட்டுவிட்டு ஓடி நின்றால் முதலில் ஐயப்பட வேண்டியது டீசலில் கலந்த தண்ணீரைத்தான்.

"பங்க்ல தண்ணி கலந்துட்டாங்கய்யா" என்று ஓட்டுநர் சொல்வதும், உரிமையாளர் அதை அப்படியே நம்புவதும் வழக்கமாக இருக்கிறது. விற்பனை நிலையத்துத் தொட்டியில் தண்ணீர் இறங்குவது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே வாங்கிய டீசல், வண்டியின் டாங்கிற்குள் போவதற்குமுன் எங்கெல்லாம் தங்குகிறது என்பதைப் பார்த்தால் வேறொன்று புலப்படும். பெரும்பாலான பண்ணைகளில் தண்ணீர் புகும் இடம் கொட்டகை ஓரத்தில் நிற்கும் பீப்பாயும், வரப்பில் வைக்கும் கேனும்தான். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் வடிகட்டியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது, ஓட்டைப் பானையின் அடியில் துணி கட்டுவது போன்றது.

தண்ணீர் செய்யும் கேடு

ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 820 முதல் 845 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1,000 கிராம். தண்ணீர் டீசலோடு கலப்பதில்லை; எடை கூடியது ஆகையால் அடியில் போய்த் தங்குகிறது. டாங்கிலிருந்து எஞ்சினுக்கு டீசல் எடுக்கும் குழாயும் அடிப்பகுதியில்தான் இருக்கிறது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அடியில் கிடந்த தண்ணீர் சிறு துளிகளாக உடைந்து டீசலோடு சேர்ந்து பயணம் செய்யத் தொடங்குகிறது.

அது போய்ச் சேரும் இடம் டீசல் பம்பும் இன்ஜெக்டரும். பம்பின் பிளஞ்சரும் அது ஓடும் உறையும், இன்ஜெக்டரின் ஊசியும் அதன் கூடும் ஒன்றுக்கொன்று 2 அல்லது 3 மைக்ரான் இடைவெளியில் இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று எண்ணினால் இந்த இடைவெளி எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். இந்தப் பாகங்களுக்குத் தனியாக மசகு எண்ணெய் பூசும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. ஓடுகின்ற டீசலே அவற்றுக்கு மசகு. டீசலுக்குப் பதிலாகத் தண்ணீர் வந்தால் உலோகமும் உலோகமும் நேரடியாக உராய்கின்றன. வண்டி நின்றிருக்கும் நாட்களில் அதே தண்ணீர் துருவை உண்டாக்குகிறது. துருப்பிடித்த ஊசி தன் கூட்டில் ஒட்டிக்கொள்கிறது; டீசல் பனிபோலத் தூவப்படாமல் சொட்டுகிறது. இன்ஜெக்டரின் சூடான முனையில் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முனையையே உடைத்துவிடுவதும் உண்டு.

இன்னொரு கேடு பலருக்குத் தெரியாதது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் சில வகைப் பூசணங்களும் பாக்டீரியாக்களும் வளர்கின்றன. அவை தண்ணீரில் வாழ்ந்து டீசலை உணவாகக் கொள்கின்றன. வடிகட்டியைக் கழற்றும்போது கறுப்பாக, வழவழப்பாக, அழுகல் நாற்றத்துடன் ஒரு சளி ஒட்டியிருந்தால் அது வெறும் அழுக்கு அல்ல. இந்த நுண்ணுயிர்களின் படலம். தண்ணீர் இல்லாத டீசலில் இவை வளர முடியாது. ஆகையால் மருந்து தேடுவதற்குமுன் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

பீப்பாய்க்குள் மழைநீர் புகும் விதம்

பீப்பாய் இறுக மூடியிருக்கிறது, மூடியின் திருகு கெட்டியாக இருக்கிறது, அப்படியிருக்கத் தண்ணீர் எப்படிப் போகும் என்று உழவர்கள் கேட்பது நியாயமே. பீப்பாய் மூச்சு விடுகிறது என்பதே இதற்கு விடை.

200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் பாதி டீசல் தீர்ந்திருக்கிறது என்று கொள்வோம். மீதி 100 லிட்டர் இடத்தில் காற்று நிற்கிறது. பகல் வெயிலில் அந்தக் காற்று 50 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி விரிகிறது. விரிந்த பகுதி மூடியின் மரை வழியே வெளியேறிவிடுகிறது. மாலையில் மழை கொட்டி, பீப்பாய் 28 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 7 லிட்டர் அளவுக்குச் சுருங்கப் பார்க்கிறது. அந்தக் குறையை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். மூடியின் மேல் காற்று இருந்தால் காற்றை இழுக்கும். தண்ணீர் தேங்கியிருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும்.

நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலைப்பகுதியைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருப்பதால் அது ஒரு தாம்பாளம்போல் மழைநீரைப் பிடித்து வைக்கிறது. விளிம்பின் உயரம் 2 செ.மீ. என்றால் அங்கே தேங்கும் நீர் சுமார் 5 லிட்டர். மூடிகள் இரண்டும் அந்தத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அத்தனையும் உள்ளே போய்விடாது. மூடியின் ரப்பர் வளையம் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மறுநாள் வெயிலில் மிச்சத் தண்ணீர் உலர்ந்துபோவதால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஐப்பசி முழுவதும் பகலில் வெயிலும் மாலையில் மழையுமாக இருந்தால் இதே கதை தினமும் நடக்கிறது.

காற்றின் ஈரம் குளிர்ந்து டாங்கிற்குள் தண்ணீராகிவிடுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் உண்மைதான். ஆனால் அதன் அளவை மிகைப்படுத்தக் கூடாது. 30 டிகிரியில் ஈரம் முழுதும் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீர் சுமார் 30 கிராம். பீப்பாயின் 100 லிட்டர் காற்றில் இருப்பது 3 கிராம். இரவில் 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் 1 கிராம் அளவுதான் துளியாக மாறும். மறுநாள் வரும் புதுக் காற்றும் கொஞ்சமே என்பதால் அடுத்த இரவுக்கு அந்த 1 கிராம்கூடச் சேராது. ஒரு மழையில் மூடி வழியே இறங்கும் நீரோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. எனினும் மாதக்கணக்கில் ஓடாமல் பாதி டாங்கோடு நிற்கும் வண்டிக்கு இதுவும் கேடுதான். டாங்கின் மேற்சுவர் துருப்பிடிக்கத் தொடங்குவது இதனால்தான். வேலை முடிந்த மாலையிலேயே டாங்கை நிரப்பி வைக்கச் சொல்வதன் காரணமும் இதுதான். இரவில் நிரம்பிய டாங்கில் ஈரக் காற்றுக்கு இடம் இல்லை. நிரப்பும்போது கலங்கியவையும் விடிவதற்குள் அடியில் படிந்துவிடும்.

பீப்பாயை வைக்கும் முறை

கூரைக்குக் கீழ் வைப்பதே முதல் வழி. தகரக் கூரையோ கீற்றோ, மழையும் நேர் வெயிலும் படாத இடமாக இருக்க வேண்டும். வைக்கோற்போர், சமையல் அடுப்பு, மோட்டார் சுவிட்சு ஆகியவற்றுக்கு அருகே வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பல இடங்களில் போரை ஒட்டியே பீப்பாய் நிற்கிறது. பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை டீசல் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கலமும் 1,000 லிட்டருக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. சாதாரணப் பண்ணைக்கு இரண்டு பீப்பாய்களே அதிகம்.

இரண்டு பீப்பாய்கள் வைத்துக்கொள்வதில் ஒரு நன்மை உண்டு. ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது மற்றது அசையாமல் தெளியும். புதிதாக ஊற்றிய பீப்பாயை ஒரு முழு நாளாவது தொடாமல் விட வேண்டும். அன்றே நிரப்பி அன்றே எடுத்தால் பீப்பாயின் அடியில் இருந்ததெல்லாம் கலங்கி டிராக்டருக்குத்தான் போகும்.

படுக்க வைத்துக் குழாய் பொருத்துவதானால், மரச்சட்டத்தின்மேல் பீப்பாயைக் கிடத்தி, குழாய் உள்ள தலைப்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட 5 செ.மீ. உயர்த்தி வைக்க வேண்டும். பலர் கடைசிச் சொட்டுவரை வரட்டும் என்று குழாய்ப் பக்கத்தைத் தாழ்த்தி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் முதலில் வருவது தண்ணீரும் துருவும்தான். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் கசடு அங்கே ஒதுங்கி நிற்கும். எடுக்கும்போது மேலே இருக்கும் மூடியைச் சற்றுத் தளர்த்தி, எடுத்து முடிந்ததும் இறுக்கிவிட வேண்டும்.

நிமிர்த்தி வைத்துக் கைப்பம்பால் எடுப்பவர்கள் உறிஞ்சு குழாயின் நுனி அடித்தகட்டிலிருந்து 5 செ.மீ. மேலே நிற்கும்படி அறுத்துக்கொள்ளலாம். இதனால் 12, 13 லிட்டர் அடியில் தங்கும். அது வீண் என்று எண்ண வேண்டாம். பீப்பாய் தீர்ந்த பிறகு அதைத் தனியே ஒரு கேனில் ஊற்றித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

கொட்டகை இல்லாமல் வெளியில்தான் வைத்தாக வேண்டும் என்றால், திறக்காத பீப்பாயைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி நிலையில் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உருட்டிவிட வேண்டும். அப்போது இரண்டு மூடிகளும் உட்புறம் டீசலில் மூழ்கியிருக்கும். காற்றையோ மழைநீரையோ இழுக்க வழியில்லை. நிமிர்த்தித்தான் வைக்க முடியும் என்றால், ஒரு பக்கத்தின் அடியில் ஒரு செங்கல் கொடுத்துச் சாய்த்து, தண்ணீர் ஒதுங்கும் தாழ்ந்த ஓரத்தில் மூடிகள் அமையாதபடி திருப்பி வைக்க வேண்டும். ஒரு செங்கல்லுக்கு மேல் இதற்குச் செலவில்லை.

துத்தநாகம் பூசிய பீப்பாய், வாளி, குழாய் ஆகியவற்றை டீசலுக்குப் பயன்படுத்தக் கூடாது. டீசலில் உள்ள அமிலப் பொருட்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப் போன்ற ஒரு பசையை உண்டாக்குகின்றன. அது வடிகட்டியை அடைக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வாளியிலேயே டீசலும் மொள்ளும் பழக்கம் இரட்டைக் கேடு.

கேனும் புனலும்

45 குதிரைச் சக்தி டிராக்டர் உழவில் மணிக்கு 4 முதல் 6 லிட்டர் வரை டீசல் குடிக்கும். ஒரு நாள் வேலைக்கு இரண்டு கேன் டீசல் வயலுக்கு வருகிறது. சமையல் எண்ணெய் வந்த கேன், பூச்சிமருந்து வந்த கேன் என்று கிடைத்ததைத் தண்ணீரில் அலசி, ஈரம் உலராமலே டீசல் பிடிப்பதைப் பல ஊர்களில் காணலாம். கழுவிய கேனைத் தலைகீழாக ஒரு நாள் வெயிலில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. டீசலுக்கென்று ஒரு கேனை ஒதுக்கிவிட்டால் கழுவவே வேண்டியதில்லை. மூடி தொலைந்துபோய் வாழைமட்டையோ காகிதமோ அடைத்த கேன், தூறலில் வரப்பின்மேல் நின்றால் அதில் என்ன இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

புனலில் வேட்டித் துணியைப் போட்டு வடிகட்டினால் போதும் என்பது ஒரு தவறான நம்பிக்கை. பருத்தித் துணி தண்ணீரை ஈர்க்கும் இயல்புடையது. கொஞ்சம் நனைந்ததும் தண்ணீரைத் தடையில்லாமல் கீழே விடும். கூடவே தன் நூல் துகளையும் விடும். நுண்ணிய பித்தளை வலை பொருத்திய புனல் தூசியையும் உமியையும் தடுக்கும். ஆனால் வலையும் தண்ணீரைத் தடுக்காது. ஊற்றும்போது கேனின் கடைசி அரை லிட்டரை ஊற்றாமல் நிறுத்துவதே தண்ணீரைத் தடுக்கும் எளிய உபாயம்.

டாங்கின் மூடி உடைந்துவிட்டால் பாலித்தீன் பையைக் கட்டி ஓட்டுகிறார்கள். மூடியில் காற்றுப்போகச் சிறு துளை உண்டு. பையை இறுகக் கட்டினால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு வண்டி நிற்கும். தளர்வாகக் கட்டினால் மழை இறங்கும். அந்த வண்டிக்குரிய மூடியை வாங்கிப் போடுவதுதான் வழி. ஆயுத பூசைக்கு முதல்நாள் வண்டியைக் கழுவுவோர் குழாய்நீரை மூடியின்மேல் வேகமாகப் பாய்ச்சக் கூடாது. பூசை முடிந்து வண்டியை எடுக்கும்முன் கண்ணாடிக் கிண்ணத்தை ஒருமுறை வடித்துப் பார்ப்பது நல்லது.

வடிகட்டிகளின் வரிசை

வழக்கமான டிராக்டரில் டாங்கிலிருந்து வரும் டீசல் முதலில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் இறங்குகிறது. இங்கே கனமான கசடும் தண்ணீரும் தங்கும். பிறகு ஊட்டுப் பம்பு டீசலை முதல் வடிகட்டிக்குத் தள்ளுகிறது. இது பல வண்டிகளில் துணி அல்லது கம்பளி போன்ற பொருளால் ஆனது, பெருந்துகள்களைப் பிடிக்கும். அடுத்த வடிகட்டி மடித்த காகிதத்தால் ஆனது; நுண்துகள்களைப் பிடிக்கும். அதன் பிறகே டீசல் பம்பும் இன்ஜெக்டரும். சிறு டிராக்டர், பவர் டில்லர், ஆயில் எஞ்சின்களில் ஒரே வடிகட்டிதான் இருக்கும். அதனாலேயே அவற்றுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

வடிகட்டிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். காகிதம் சிறு அளவுத் தண்ணீரைத் தடுத்துக் கீழே இறக்கும். தண்ணீர் மிகுந்தால் காகிதம் ஊறிப் பருத்து வழியை அடைக்கும், அல்லது கிழியும். கிழிந்த காகிதம் வெளியே தெரியாது. வண்டியும் நன்றாகவே ஓடும். அதுவரை பிடித்துவைத்த அழுக்கு முழுவதும் பம்புக்குப் போகும்.

கிண்ணத்தையும் வடிகட்டிகளின் அடியில் உள்ள வடிகால் திருகையும் காலையில் வண்டியைக் கிளப்பும்முன் திறந்து வடிக்க வேண்டும். இரவு முழுவதும் அசையாமல் நின்றதால் தண்ணீர் அடியில் சேர்ந்திருக்கும். ஓடி நின்ற வண்டியில் வடித்தால் பயன் குறைவு. மழைக்காலத்தில் தினமும், கோடையில் வாரம் ஒருமுறை. வடித்ததை வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து 15 நிமிடம் வைத்தால் நிலைமை கண்ணுக்குத் தெரிந்துவிடும். நல்ல டீசல் பளிச்சென்று, பாட்டிலுக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாள் எழுத்து தெரியும்படி இருக்கும். மூடுபனிபோல் மங்கியிருந்தால் தண்ணீர் நுண்துளிகளாகக் கலந்திருக்கிறது. அடியில் தனி அடுக்காக நின்றால் டாங்க் அடியையும் வடிக்க வேண்டும். பிறகு பீப்பாயைப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய டீசலையும் இதேபோல் ஒரு பாட்டில் பிடித்து வைத்துவிட்டால் விற்பனை நிலையத்தின்மேல் பழி சொல்வதா வேண்டாமா என்பதற்கு அங்கேயே விடை கிடைக்கும். வடித்த கழிவை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. ஒரு தனி டின்னில் சேர்த்து வைக்கவும்.

மாற்றும் காலமும் முறையும்

எத்தனை மணி ஓடியபின் மாற்றுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனிக் கையேட்டில் உள்ள மணிக்கணக்கே சரியானது. மீட்டர் கெட்டுப்போய் ஆண்டுக்கணக்கில் ஓடும் வண்டிகளுக்குக் குறுவைக்கு முன்னும் சம்பாவுக்கு முன்னும் என்று வைத்துக்கொள்ளலாம். இரட்டை வடிகட்டி உள்ள பழைய வண்டிகளில் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், முதல் வடிகட்டியை இருமுறை மாற்றும்போது இரண்டாவதை ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஒன்றைத் திறக்கும்போது உட்புகும் தூசியை மற்றது தாங்கும் என்பதே இதன் கருத்து. கையேடு வேறுவிதமாகச் சொன்னால் அதன்படியே செய்க.

காகித வடிகட்டியை டீசலில் அலசியோ காற்றடித்தோ மீண்டும் போடுவது கூடவே கூடாது. அலசும்போது அழுக்கு காகிதத்தின் துளைக்குள் இன்னும் ஆழமாகப் போகிறது. காற்றின் வேகத்தில் காகிதம் கிழிகிறது. புது வடிகட்டியின் விலை சில நூறு ரூபாய். பம்பைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்றால் செலவு ஆயிரக்கணக்கில், அதுவும் அறுவடை நேரத்தில் நாட்கணக்கில் காத்திருந்து.

மாற்றும்முன் வடிகட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். களத்தில் பதர் பறக்கும் வேளையில் திறக்கக் கூடாது. ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு, அதில் சிறிது டீசலைத் தடவி, கையால் இறுக்க வேண்டும். புது வடிகட்டிக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் பல மெக்கானிக்குகளிடமும் இருக்கிறது. காற்று எடுக்கும் வேலை குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நடுத்துளை வழியே ஊற்றிய டீசல் வடிகட்டப்படாமலே நேராகப் பம்புக்குப் போகிறது. காலியாக மாட்டிக் கைப்பம்பால் நிரப்புவதே முறை.

காற்று எடுத்தல்

வடிகட்டியைத் திறந்தால் வழியில் காற்று புகும். புகுந்த காற்றை எடுக்காமல் வண்டி கிளம்பாது. டாங்கில் போதிய டீசல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு முதல் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்த வேண்டும். ஊட்டுப் பம்பின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி விட்டால் நுரையும் குமிழியுமாக டீசல் வரும். குமிழி நின்று கம்பிபோல் டீசல் வரும்போதே, அழுத்துவதை நிறுத்தாமல், திருகை மூட வேண்டும். அடுத்து இரண்டாம் வடிகட்டி, அதன்பின் டீசல் பம்பின் திருகு என்று டாங்க் பக்கமிருந்து எஞ்சின் பக்கமாகப் போக வேண்டும். வரிசை மாறினால் காற்று திரும்பவும் முன்னே போய் உட்காரும். இதற்குப் பிறகும் கிளம்பாவிட்டால் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டைத் தளர்த்திச் சுழற்றுவது பழைய வண்டிகளில் உண்டு. அப்போது அந்த இடத்தருகே கையையோ முகத்தையோ கொண்டுபோகக் கூடாது. வேகமாகப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடிக்கடி காற்று பிடிக்கும் வண்டியில் குற்றம் வடிகட்டியில் இல்லை. டாங்கிற்கும் ஊட்டுப் பம்பிற்கும் இடையே எங்கோ ஒரு வெடித்த குழாயோ தளர்ந்த கிளிப்போ இருக்கிறது. இந்தப் பகுதியில் டீசல் உறிஞ்சப்படுவதால் கசிவு வெளியே சொட்டாமல் காற்றை உள்ளே இழுக்கும். எங்கே ஈரமாக இருக்கிறது என்று மட்டும் தேடுபவருக்கு இது அகப்படாது.

வயலில் நோய் கண்டறிய ஒரு குறிப்பு. சும்மா நிற்கும்போது சீராக ஓடி, கலப்பையை இறக்கியதும் திணறினால் வடிகட்டி அடைத்திருக்கலாம். கிளம்பிச் சிறிது நேரத்தில் நின்று, காற்று எடுத்ததும் ஓடி, மறுபடி நின்றால் காற்றுக் கசிவு. மேடு பள்ளத்தில் குலுங்கிய பிறகு விட்டுவிட்டு ஓடி வெண்புகை வந்தால் தண்ணீர். மூன்றும் சேர்ந்தே இருக்கும் வண்டிகளும் உண்டு.

டாங்கில் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ ஊற்றினால் தண்ணீர் போய்விடும் என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம். மண்ணெண்ணெய் தண்ணீரைக் கரைக்காது. டீசலின் மசகுத் தன்மையைத்தான் குறைக்கும். ஸ்பிரிட் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு பம்புக்குள்ளேயே கொண்டுபோகும். எளிதில் தீப்பற்றும் அபாயம் வேறு.

புது வண்டிகளும் சரக்கு லாரிகளும்

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படுவது கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குக் குறைக்கப்பட்ட டீசல். அன்று முதல் பதிவாகும் லாரிகளும் சிறு சரக்கு வண்டிகளும் அதற்கேற்ற எஞ்சின் உடையவை. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தது. இவற்றில் பெரும்பாலானவை காமன் ரெயில் வகை. பழைய டிராக்டரின் இன்ஜெக்டர் ஒரு சதுர செ.மீ.க்கு 200 கிலோ அளவு அழுத்தத்தில் திறக்கும் என்றால், காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரத்தைத் தாண்டிப் பல நூறு கிலோ கூடுதலாகவும் போகும். பழைய எஞ்சின் ஓரளவு பொறுத்துக்கொண்ட தண்ணீரை இது பொறுக்காது. ஒரு தடவை அஜாக்கிரதையாக இருந்ததற்கு எல்லா இன்ஜெக்டர்களையும் மாற்ற நேரிடலாம்.

வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிச் செல்லும் லாரி வைத்திருக்கும் உழவர்கள் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துவைக்க வேண்டும். இத்தகைய வண்டிகள் பலவற்றில் அதன் அடியில் ஓர் உணர்வுக் கருவி இருக்கும். தண்ணீர் ஓரளவு சேர்ந்ததும் ஓட்டுநர் முன்னால் விளக்கு எரியும். "சந்தைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டாமல், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, அடித்திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு மூட வேண்டும். ஐந்து நிமிட வேலை. வடித்த சில மணி நேரத்திலேயே விளக்கு மறுபடி எரிந்தால் டாங்க் முழுவதுமே கெட்டிருக்கிறது. அங்கேயே நிறுத்துவது மேல். இந்த வண்டிகளில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்க முயலவே கூடாது. கைப்பம்பு இருந்தால் அதைக்கொண்டும், மின்பம்பு இருந்தால் சாவியை முதல் நிலையில் சிலமுறை திருப்பியும் காற்றை வெளியேற்ற வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2018 நவம்பரில் கஜா புயலின்போதும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழையின்போதும் நேர்ந்ததுபோல் வண்டியே தண்ணீரில் நின்றுவிட்டால், வெள்ளம் வடிந்ததும் ஓடுகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே சுழற்சியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பாட்டரி இணைப்பைக் கழற்றுவது முதல் வேலை. டாங்கின் டீசல் முழுவதையும் வடித்து, டாங்கை நல்ல டீசலால் அலசி, வடிகட்டிகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும் வழக்கம் இங்கே செல்லாது. எஞ்சின் ஆயிலின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, ஆயில் பால்கலந்த காப்பிபோல் இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். ஏர் கிளீனரில் ஈரம் இருந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே மற்றவை. இதற்குத் தேர்ந்த மெக்கானிக்கின் துணை வேண்டும். காப்பீடு செய்த வண்டியானால் எதையும் கழற்றும்முன் கம்பெனிக்குத் தெரிவித்து, வண்டி நின்ற நிலையில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற பீப்பாயின் டீசலை, சேறு கலக்காமல் தெளிந்த நீர் மட்டும் இறங்கியிருந்தால், இரண்டு நாள் அசையாமல் வைத்து மேற்பகுதியைப் பம்பால் இறைத்து, பாட்டிலில் பிடித்துத் தெளிவு பார்த்தபின் பழைய ஆயில் எஞ்சினுக்குப் பயன்படுத்தலாம். சேறு கலந்ததாயின் எந்த எஞ்சினுக்கும் ஆகாது. புது வகை டிராக்டருக்கோ லாரிக்கோ இந்த இரண்டுமே வேண்டாம்.